கப்பலேறிப் பறவை பார்க்க: கொச்சி – லட்சத்தீவு வழிக்கு ஒரு கையேடு

குமரி – கேரள எல்லையில், களியக்காவிளைப் பக்கம் எங்கள் ஊரில் லட்சத்தீவு போய்வந்தவர்களைக் கேட்டால் நீலத் தண்ணீரைப் பற்றிச் சொல்வார்கள், சூரை மீன் பொரியலைப் பற்றிச் சொல்வார்கள். பறவை ஏதும் பார்த்தீர்களா என்றால், "கடல்ல ஏது பறவை? ரெண்டு கடல் காக்கா பறந்துது" என்று முடித்துவிடுவார்கள். முதல் தடவை போய்வந்து நானும் அதையேதான் சொன்னேன். மூன்று தடவை போன பிறகுதான் விஷயம் புரிந்தது. அன்றைக்கும் பறவைகள் இருந்திருக்கும். நான்தான் தப்பான நேரத்தில் எழுந்து, தப்பான பக்கம் நின்று, தப்பான பைனாகுலரைக் கண்ணில் வைத்திருந்தேன்.

குடும்பத்தோடு கப்பல் சுற்றுலா போகிறீர்கள், கூடவே கொஞ்சம் பறவையும் பார்க்கலாம் என்று ஆசை, ஆனால் எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை என்றால் இது உங்களுக்குத்தான்.

கப்பலும் மாதமும்

நம் பக்கத்திலிருந்து கிளம்புகிறவர்களுக்குக் கொச்சிதான் துறைமுகம். அங்கிருந்து லட்சத்தீவு நிர்வாகத்தின் பயணிகள் கப்பல்கள் போகின்றன. சுற்றுலாவுக்கு 'சமுத்திரம்' என்று ஒரு ஐந்து நாள் திட்டம் உண்டு. எம்.வி. கவரத்தி கப்பலில் ஏற்றிக் கவரத்தி, கல்பேனி, மினிக்காய் மூன்று தீவுகளையும் காட்டிவிட்டுத் திரும்பக் கொண்டுவந்து விடுவார்கள். தீவுக்குள் நுழைய அனுமதிச் சீட்டு கட்டாயம். திட்டத்தில் பதிவு செய்தால் அதற்கான வேலையும் அதோடு சேர்ந்தே நடக்கும். மும்பையிலிருந்து வரும் ஆடம்பரக் கப்பல்களும் உண்டு. பறவை பார்க்க இரண்டுமே உதவும். ஆனால் ஆடம்பரக் கப்பலில் மேல்தளம் முழுக்கப் பாட்டும் நீச்சல்குளமுமாக இருக்கும். நிம்மதியாக நிற்க மூலை தேடவேண்டும்.

ஒரு விஷயத்தை முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள். 'சமுத்திரம்' கப்பல் பெரும்பாலும் இரவில் ஓடும், பகலில் தீவுக்கு வெளியே நிற்கும். கவரத்தி கொச்சியிலிருந்து சுமார் 400 கி.மீ. ஒரு ராத்திரி முழுக்க ஓடினால்தான் சேரமுடியும். அதனால் ஓடும் கப்பலில் வெளிச்சத்தோடு கடல் பார்க்க உங்களுக்குக் கிடைப்பது சாயங்காலம் ஒன்றிரண்டு மணி நேரம், விடியற்காலை ஒன்றிரண்டு மணி நேரம். ஐந்து நாளையும் கூட்டினால் எட்டோ பத்தோ மணி நேரம் வரும். அந்த நேரத்தில் சாப்பாட்டு வரிசையில் நின்றால் போச்சு. ஒரு விடியலில் புட்டும் கடலையும் வாங்கப் போய்விட்டு நான் திரும்பி வந்தபோது, பக்கத்தில் நின்ற பையன், "அண்ணா, ஒரு பெரிய வெள்ளைப் பறவை கப்பலைச் சுத்தி ரெண்டு ரவுண்டு அடிச்சுது" என்றான். அது என்ன பறவை என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

மாதத்தைப் பொறுத்தவரை, கேரளக் கரைக்கு வெளியே கடற்பறவை அதிகம் தெரிவது தென்மேற்குப் பருவமழைக் காலத்திலும் அது முடிகிற சமயத்திலும். அப்போது கரையோரத்தில் அடித்தண்ணீர் குளிர்ந்து மேலே ஏறும். அதோடு சத்து வரும், நுண்ணுயிர் பெருகும், அதைத் தின்னச் சாளையும் அயலையும் கூடும், அவற்றைத் தேடிப் பறவை வரும். ஆனால் ஆடி மாதக் கடலில் உல்லாசப் பயணம் போக யாரும் கூப்பிடமாட்டார்கள். ஆகவே சுற்றுலாப் பயணிக்கு நல்ல சமயம் அக்டோபர். மழை ஓய்ந்து கப்பல் ஓடத் தொடங்கியிருக்கும், பறவையும் முழுக்கக் கலைந்திருக்காது. அடுத்த நல்ல சமயம் ஏப்ரல் கடைசி, மே தொடக்கம். ஜனவரி, பிப்ரவரியில் கடல் தட்டில் ஊற்றிய எண்ணெய் மாதிரி கிடக்கும். வயிற்றுக்கு நல்லது, பறவைக்கு அவ்வளவு நல்லதில்லை. காற்று இல்லாவிட்டால் பெரிய கடற்பறவைகளில் பல பறக்கவே சோம்பும்.

முதலில் கரையில் பழகுங்கள்

கப்பலில் ஏறித்தான் பைனாகுலரை முதன்முதலாகக் கண்ணில் வைப்பது என்றால் அந்தப் பத்து மணி நேரமும் குவியத்தைத் திருகுவதிலேயே போய்விடும். ஒரு மாதம் முன்பே உள்ளூரில் பழகுங்கள்.

எங்கள் பக்கத்தில் இதற்கு வசதிக்குக் குறைவில்லை. குழித்துறை தாமிரபரணி கடலில் சேரும் தேங்காப்பட்டணம் பொழிமுகம், மணக்குடிக் காயல், உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் 2022-இல் சேர்ந்த சுசீந்திரம் – தேரூர் குளங்கள். எல்லை தாண்டினால் பூவாறு. அங்கே நெய்யாற்றுக் கழிமுகத்தில் படகில் போகலாம். ஆடும் பலகையில் உட்கார்ந்து பறக்கும் பறவையைப் பிடிக்கப் பழக அது நல்ல இடம். கொச்சிக்கு ஒருநாள் முன்னதாகப் போக முடிந்தால், அங்கே சில மணி நேரம் கடலுக்குள் கொண்டுபோய்த் திரும்பும் சிறு உல்லாசப் படகுகளும் உண்டு. வயிறு தாங்குமா என்று சோதித்துப் பார்க்கலாம்.

கரையில் கற்க வேண்டியது ஒரே ஒரு இனம்: ஆலா. வெள்ளையும் சாம்பலுமாக, கூர்மையான இறக்கையோடு, அலகைக் கீழே தொங்கவிட்டுத் தண்ணீரை உற்றுப் பார்த்தபடி பறக்கிறதே, அதுதான். ஆலாவின் அளவும் பறக்கும் விதமும் கண்ணில் ஊறிவிட்டால், கடலில் எது வந்தாலும் "ஆலாவைவிடப் பெரிசா சின்னதா, ஆலாவைப் போல இறக்கையை அடிக்கிறதா இல்லையா" என்று அளக்க ஒரு முழக்கோல் கையில் கிடைத்துவிடும்.

இதை எனக்குச் சொல்லித்தந்தவர் பறவை ஆர்வலர் அல்லர். தூத்தூர்க்காரர், எங்கள் வீட்டுக்கு மீன் வாங்குகிற பழக்கத்தில் மாமா என்று கூப்பிடுகிற மனிதர். தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை ஆட்கள் ஆழ்கடல் தொழிலுக்குப் பேர்போனவர்கள். அவர்களில் பலர் கொச்சித் தோப்பும்படித் துறையிலிருந்துதான் கடலுக்குப் போகிறார்கள். மாமாவும் அப்படித்தான். தேங்காப்பட்டணத்தில் ஒருநாள் என் பைனாகுலரை வாங்கிப் பார்த்துவிட்டு, "மக்கா, இது என்னத்துக்கு? பறவை கூடி நிக்க எடத்துல வள்ளத்த விடு. கீழ சூரை தொரத்தும், பொடிமீன் மேல பொங்கும், பறவை கொத்தும். சும்மா ஒண்ணும் கூடமாட்டாவ" என்றார். அவருக்கு எல்லாமே கடல் காக்காதான். ஆனால் ஒரு கிலோமீட்டர் தூரத்தில் பறவை தண்ணீரை நோக்கி இறங்கும் விதத்தை வைத்தே கீழே இருப்பது சாளையா சூரையா என்று சொல்வார். பெயர் தெரிந்த எனக்கு அது தெரியாது.

பையில் வைக்க வேண்டியவை

பைனாகுலர் 8 மடங்கு பெரிதாக்குவது போதும். கடையில் 'எட்டுக்கு நாற்பத்திரண்டு' என்று கேளுங்கள். முதல் எண் எத்தனை மடங்கு என்பது, இரண்டாவது முன்கண்ணாடியின் அகலம், மில்லிமீட்டரில். என் மச்சான் வளைகுடாவிலிருந்து வந்தபோது ஆசையாக ஒரு 12 மடங்கு பைனாகுலர் கொண்டுவந்து தந்தார். அதை வைத்துக்கொண்டுதான் முதல் பயணம். மடங்கு கூடக்கூடக் கையின் நடுக்கமும் அத்தனை மடங்கு பெரிதாகும், தெரியும் வட்டமும் சுருங்கும். கப்பலும் ஆடுகிறது, பறவையும் ஓடுகிறது. பாதி நேரம் நான் பார்த்தது வானம், மீதி நேரம் அலை. தொலைநோக்கியும் முக்காலியும் கொண்டுபோகவே வேண்டாம். இயந்திரத்தின் அதிர்வு முக்காலி வழியாக ஏறிப் படத்தை நடுங்க வைத்துவிடும்.

கடற்காற்றில் அரைமணி நேரத்தில் கண்ணாடியில் உப்புப் படியும். சட்டை முனையால் துடைத்தால் உப்புத்தூள் கீறல் போடும். ஒரு சின்னப் புட்டியில் நல்ல தண்ணீரும் இரண்டு மெல்லிய பருத்தித் துணியும் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் தண்ணீர் விட்டு உப்பைக் கரைத்து ஒற்றி எடுங்கள், பிறகு துடையுங்கள். காற்றில் பறக்காத தொப்பி, முழுக்கைச் சட்டை, கையடக்க நோட்டு, பென்சில். பேனா மை ஈரத்தில் ஊறும், பென்சில் ஊறாது.

கைபேசியில் பறவைப் பட்டியல் போட ஈபேர்ட், பறவையை அடையாளம் காண மெர்லின் செயலிகளைக் கரையிலேயே இறக்கி, இந்தப் பகுதிக்கான பறவைத் தொகுப்பையும் இறக்கி வைத்துவிடுங்கள். கரை மறைந்தால் சிக்னலும் மறையும். ஆனால் ஜிபிஎஸ்ஸுக்கு சிக்னல் வேண்டாம், அது நடுக்கடலிலும் வேலை செய்யும். இடம் குறிக்க அது போதும். கண்ணாடி ஜன்னலுக்குள், இரும்பு அறைக்குள் இருந்து குறிக்கப் பார்த்தால் சில சமயம் தவறும், வெளித்தளத்துக்கு வந்து குறியுங்கள்.

அப்புறம் ஓக்காளம். இதில் வீரம் காட்டாதீர்கள். கப்பல் ஒவ்வாமைக்கு எந்த மாத்திரை என்று உங்கள் மருத்துவரிடம் முன்பே கேட்டு வாங்கி வையுங்கள். குமட்டல் வந்த பிறகு போட்டால் பெரிதாகப் பயனில்லை, புறப்படும் முன்பே போடவேண்டும். சில மாத்திரைகள் தூக்கத்தைக் கொண்டுவரும் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள், விடியலில் எழ வேண்டியவர் நீங்கள். வெறும் வயிறும் ஆகாது, மூக்குமுட்டத் தின்பதும் ஆகாது. வறுத்த கடலை, உலர்ந்த ரொட்டி, கொஞ்சம் இஞ்சி மிட்டாய். குமட்டத் தொடங்கினால் கையில் இருக்கும் புத்தகத்தையும் கைபேசியையும் மூடிவிட்டு, வெளியே வந்து தொடுவானத்தைப் பாருங்கள். பறவை பார்ப்பவருக்கு இதில் ஒரு வசதி: மருந்தும் வேலையும் ஒன்றே.

எங்கே நிற்பது

கப்பலில் ஏறியதும் அறையைப் பார்ப்பதற்கு முன் தளங்களை ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். எந்தக் கதவு எந்தத் தளத்துக்குத் திறக்கிறது, பயணிகளுக்கு எதுவரை அனுமதி, எங்கே காற்று அடிக்கிறது, எங்கே சமையலறைப் புகை வருகிறது என்று அப்போதே தெரிந்துகொண்டால் விடியலில் இருட்டில் தடவ வேண்டாம்.

ஆக உயரமான தளம் நல்லது என்று தோன்றும். உயரம் கூடினால் தூரம் தெரியும், உண்மைதான். தண்ணீரிலிருந்து 15 மீட்டர் உயரத்தில் நின்றால் தொடுவானம் ஏறத்தாழ 14 கி.மீ. தள்ளிப் போய்விடும். ஆனால் ஒரு ஆலா இரண்டு கி.மீ. தாண்டினாலே வெறும் புள்ளி. அதோடு உச்சியிலிருந்து குனிந்து பார்த்தால் தண்ணீரை ஒட்டிப் பறக்கும் பறவை அலைகளின் நிறத்தோடு கலந்துவிடும். நடுத்தர உயரத் தளம்தான் என் தேர்வு. அங்கிருந்து பார்த்தால் தூரத்துப் பறவை எழும்பும்போது வானத்தின் பின்னணியில் தெரியும்.

அணியத்துப் பக்கம், அதாவது கப்பலின் முன்புறம், நல்ல இடம்தான். கப்பல் அலையைப் பிளக்கும்போது கோலா மீன்கள் பதறிச் சிதறிப் பறக்கும். அதைப் பிடிக்க வரும் பறவைகள் கப்பலோடு கூடவே வரும். ஆனால் எதிர்காற்றில் கண்ணீர் கொட்டும். முன்பக்கத்திலேயே ஏதாவது சுவரின் மறைவில், பக்கவாட்டைப் பார்த்தபடி நிற்க முடிந்தால் அதைவிட நல்ல இடம் கிடையாது.

வலமா இடமா என்பதற்குத்தான் பலரும் யோசிப்பதே இல்லை. கொச்சியிலிருந்து கவரத்திக்குக் கப்பல் ஏறக்குறைய நேர் மேற்கே போகிறது. அக்டோபர் முதல் மார்ச் வரை சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும். சாயங்காலம் அது முன்புறத்தில் இடப்பக்கமாக இறங்கும், காலையில் பின்புறத்தில் அதே இடப்பக்கமாக எழும். ஆகவே போகும்போது வலப்பக்கம், திரும்பும்போது இடப்பக்கம். சுருக்கமாக, வடக்கைப் பார்த்து நில்லுங்கள். எதிர்ப்பக்கம் நின்றால் தகதகவென்று மின்னும் தண்ணீரில் எல்லாப் பறவையும் கறுப்பாகவே தெரியும். என் முதல் பயணத்தின் நோட்டில் 'கறுப்புப் பறவை' என்று பதினோரு இடத்தில் எழுதியிருக்கிறது. சித்திரை பிறந்த பிறகு சூரியன் நம் தலைக்கு வடக்கே நகர்ந்துவிடும், அப்போது இந்தக் கணக்கும் மாறும்.

முழங்கையைக் கைப்பிடிக் கம்பியில் ஊன்றாதீர்கள். ஊன்றினால் இயந்திர அதிர்வு அப்படியே பைனாகுலருக்கு ஏறும். காலை அகட்டி, முழங்காலைக் கொஞ்சம் தளர்த்தி, இடுப்பை மட்டும் கம்பியில் சாய்த்து நில்லுங்கள். பேருந்தில் நின்றே பயணம் செய்து பழகியவர்களுக்கு இது தானாக வரும்.

எப்படிப் பார்ப்பது

வெறும் கண்ணால் பாருங்கள். பைனாகுலர் கழுத்தில் தொங்கட்டும். தொடுவானக் கோட்டின் மேல் மெதுவாகக் கண்ணை ஓட்டி, பிறகு அதற்குக் கொஞ்சம் கீழே ஒரு தரம், பிறகு கப்பலுக்குப் பக்கத்தில் ஒரு தரம். ஏதாவது அசைந்தால் அதிலிருந்து பார்வையை எடுக்காமல் பைனாகுலரைக் கண்ணுக்குக் கொண்டுவாருங்கள். தலையைக் குனிந்து பைனாகுலரைத் தேடினால் பறவை தொலைந்தது. பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை பைனாகுலரிலும் ஒரு சுற்று ஓட்டுங்கள், தொடுவானக் கோட்டை வட்டத்தின் நடுவில் வைத்துக்கொண்டு.

கூட யாராவது இருந்தால் திசை சொல்லக் கடிகாரக் கணக்கு உதவும். அணியம் 12 மணி, வலப்பக்கம் 3 மணி, பின்புறம் 6 மணி. "அதோ அங்க" என்று கைகாட்டிக் கத்தினால் யாருக்கும் எதுவும் தெரியாது. "ரெண்டு மணிக்கு, தொடுவானத்துக்குக் கீழ, இடமா போகுது" என்றால் எட்டு வயதுப் பிள்ளைகூடக் கண்டுபிடித்துவிடும்.

நோட்டில் முதலில் பெயரை எழுதாதீர்கள். பறந்த விதம், அளவு, அடிவயிறு வெள்ளையா, வால் பிளவா, நேரம், இடம் — இவற்றை எழுதுங்கள். பெயரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பெயரை முதலில் எழுதிவிட்டால் மனசு அந்தப் பெயருக்குத் தகுந்த அடையாளங்களைத் தானே சேர்த்துக்கொள்ளும். ஒரு மணி நேரத்துக்கு ஒரு பட்டியல் என்று பிரித்து எழுதுங்கள். கப்பல் அதற்குள் 25 கி.மீ. வரை போயிருக்கும். ஐந்து நாளையும் ஒரே பட்டியலாகப் போட்டால் எந்தப் பறவை எங்கே இருந்தது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.

இருபது, முப்பது நிமிடம் ஒன்றுமே வராது. அது வழக்கம். மலையாளத்தில் ஒரு அம்மா, "எந்தா நோக்குன்னே?" (என்ன பார்க்கிறீர்கள்) என்று கேட்டுவிட்டு, நான் பறவை என்றதும் வானத்தையும் என்னையும் மாறிமாறிப் பார்த்துவிட்டுப் போனார்.

வழியில் யார் யார் வருவார்கள்

கொச்சி வில்லிங்டன் தீவுத் துறையிலிருந்து கப்பல் நகர்ந்ததுமே வேலை தொடங்கிவிடும். நம் கிருஷ்ணப்பருந்து, செம்பருந்து என்றும் சொல்வோமே, அது துறைமுகம் முழுக்கச் சுற்றும். சீனவலைகளின் மேல் கொக்கும் நீர்க்காகமும் உட்கார்ந்திருக்கும். குளிர்காலத்தில் மீசை ஆலாக்களும் கடற்காகங்களும் கூடும். போர்ட் கொச்சிக்கும் வைப்பினுக்கும் நடுவே வாய்க்கால் கடலில் திறக்கும் இடத்தில் ஓங்கிலும் தலைகாட்டக்கூடும். ஒரு எச்சரிக்கை: பக்கத்திலேயே கடற்படைத் தளம் இருக்கிறது. நீளமான லென்ஸை அந்தப் பக்கம் திருப்பவேண்டாம்.

கரையிலிருந்து அறுபது, எழுபது கி.மீ. வரை கடல் அவ்வளவு ஆழமில்லை. அதற்கு அப்பால் அடித்தளம் சரிந்து ஆழத்துக்குப் போகிறது. அந்தச் சரிவின் விளிம்புதான் பறவைகளுக்குப் பிடித்த இடம். மதியம் கழிந்து கிளம்பிய கப்பல் அங்கே சேரும்போது அநேகமாக இருட்டிவிடும். ஆனால் கடைசி நாள் காலையில் கொச்சிக்குத் திரும்பும்போது விடியல் பெரும்பாலும் அந்த விளிம்பையொட்டியோ அதற்குச் சற்று உள்ளேயோ விடியும். அன்று எல்லோரும் பெட்டி கட்டிக்கொண்டிருப்பார்கள். நீங்கள் முந்தின ராத்திரியே கட்டிவிட்டு, ஐந்தரை மணிக்குத் தளத்தில் இருங்கள். என் மூன்று பயணத்திலும் அதிகப் பறவை பார்த்தது அந்தக் கடைசிக் காலையில்தான்.

அங்கே முதலில் கண்ணில் படுவது பெரும்பாலும் பிரைடில்டு ஆலா. முதுகு பழுப்புச் சாம்பல், வயிறு வெள்ளை, கண்ணுக்கு மேல் வெள்ளைக் கோடு. மிதக்கிற எதையும் விடாது, அதன் மேல் உட்காரும். மரக்கட்டை, தேங்காய் மட்டை, வலையிலிருந்து அறுந்த தெர்மக்கோல். இரண்டாவது பயணத்தில் ஒரு உடைந்த மீன்பெட்டி மிதந்து வந்தது. பெட்டி சாய்ந்து ஒரு மூலை மட்டும் தண்ணீருக்கு மேலே. அந்த மூலையில் மூன்று ஆலாக்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தன. அலை தூக்கும்போது மூன்றும் ஒரே நேரத்தில் இறக்கையை அரையாக விரிக்கும், அலை இறங்கியதும் மடக்கிக்கொள்ளும். நாலாவது ஒன்று வந்து உட்காரப் பார்த்தது. இடமில்லை. அது பெட்டியை ஒரு சுற்றுச் சுற்றி, கடைசியில் இருந்தவற்றில் ஒன்றின் முதுகை மிதித்துத் தள்ளிவிட்டு உட்கார்ந்தது. களியக்காவிளைப் பேருந்து நிலையத்தில் தினமும் பார்ப்பதுதான். இதே சாயலில் முதுகு நல்ல கறுப்பாக இருந்தால் அது சூட்டி ஆலா. குஞ்சாகக் கிளம்பிய பிறகு இனப்பெருக்க வயது வரும்வரை சில ஆண்டுகள் தரைக்கே வராமல் கடலின் மேலேயே திரியும் இனம் அது.

ஷியர்வாட்டர் இனங்களை அடையாளம் காண்பது சுலபம். இறக்கையை விறைப்பாக நீட்டி, நாலைந்து அடி அடித்துவிட்டு, சாய்ந்து சறுக்கும். சாயும்போது ஒரு இறக்கை நுனி தண்ணீரை வெட்டுவது போல இருக்கும். ஆங்கிலப் பெயரும் (ஷியர் – வெட்டு, வாட்டர் – தண்ணீர்) அதையே குறிக்கிறது. உடல் முழுக்கக் கரும்பழுப்பு, அலகு வெளிறி நுனி மட்டும் கறுத்திருந்தால் பிளெஷ்-புட்டட் ஷியர்வாட்டர். ஆஸ்திரேலியாவின் தென்மேற்குப் பக்கம் முட்டையிடும் இனம். சின்ன உடம்பு, மேலே பழுப்பு, கீழே வெள்ளை என்றால் பெர்சியன் ஷியர்வாட்டர், அது அரபிக்கடல்காரன். உப்புத் தண்ணீரையே குடித்துவிட்டு, மிஞ்சும் உப்பை மூக்குக் குழாய் வழியாக வெளியேற்றிவிடும் சூத்திரம் இவற்றுக்கெல்லாம் உண்டு.

எனக்குப் பிடித்தது வில்சன்ஸ் ஸ்டார்ம் பெட்ரல். சிட்டுக்குருவியைவிடக் கொஞ்சம்தான் பெரிது, எடை 40 கிராம் பக்கம். கறுப்பு உடல், வாலுக்கு மேலே வெள்ளைப் பட்டை. அண்டார்டிகா ஓரத்தில் பொரித்து, அங்கே குளிர் தொடங்கும்போது இவ்வளவு தூரம் வடக்கே வந்துவிடுகிறது. நம் பக்கம் அதன் காலம் மே முதல் அக்டோபர் வரை. காலைத் தொங்கவிட்டுத் தண்ணீரின் மேல் தத்தித் தத்தி நடப்பது போல இரை பொறுக்கும். பெட்ரல் என்ற பெயரே தண்ணீர் மேல் நடந்த இராயப்பரிடமிருந்து, அதாவது பீட்டரிடமிருந்து, வந்தது என்று ஒரு வழக்கு உண்டு. இதைத் தூத்தூர் மாமாவிடம் சொன்னேன். "இராயப்பர் பாதியில முங்கினாரே, இது முங்காது" என்றார்.

ஸ்குவா என்பது ரவுடி. தடித்த உடம்பு, இறக்கை நுனிக்குப் பக்கத்தில் வெள்ளைப் பளிச்சு. தானாக மீன் பிடிப்பது குறைவு. ஆலாவைத் துரத்தித் துரத்தி, வாயிலிருப்பதைக் கக்க வைத்துப் பிடுங்கும். ஆலாக் கூட்டம் காரணமில்லாமல் கலைந்து ஓடினால் பின்னால் ஸ்குவா வருகிறதா பாருங்கள். வானத்தில் வெகு உயரத்தில், வளைந்த நீண்ட இறக்கையும் கத்தரிக்கோல் வாலுமாக அசையாமல் ஒன்று தொங்கினால் பிரிகேட் பறவை. அதற்கும் பிடுங்கித் தின்னும் புத்தி உண்டு. இறகில் எண்ணெய்ப் பசை போதாததால் தண்ணீரில் உட்கார முடியாத கடற்பறவை. இரு முனையும் கூர்ந்த சுருட்டு மாதிரி உடம்போடு கோலா மீனைத் துரத்திப் பாய்வது பூபி. இவை இரண்டும் தினமும் கிடைக்காது, கிடைத்தால் அதிர்ஷ்டம்.

கரைப்பறவைகளையும் எதிர்பாருங்கள். அக்டோபர், நவம்பரில் தகைவிலான், வாலாட்டி போன்றவை களைத்துப்போய்க் கப்பல் கம்பியில் இறங்கும். நாகாலாந்தில் கூட்டமாகத் தங்கிவிட்டுத் தெற்கு ஆப்பிரிக்காவுக்குப் போகும் அமுர் வல்லூறுகள் அரபிக்கடலைத் தாண்டுவதும் அதே பருவத்தில்தான். நடுக்கடலில் தட்டான்பூச்சிகள் பறந்தால் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்க்க வேண்டாம், நிஜம்தான். அவையும் கடல் கடக்கின்றன.

தீவில்

தீவுகளில் பறவை வகை குறைவு. காயல் ஓரத்தில் கடல்கொக்கு, கல்திருப்பி உள்ளான், வளைந்த அலகுடைய உள்ளான்கள், அதிர்ஷ்டமிருந்தால் கறுப்பு வெள்ளை நண்டுதின்னி உள்ளான். கடல்தண்ணீர் வடிந்து வற்றம் இறங்கும் நேரத்தில் அரைமணி நேரம் நடந்தால் போதும், மீதி நேரம் குடும்பத்தோடு கடலில் குளியுங்கள். சூட்டி ஆலாவும் பழுப்பு நாடி என்ற ஆலா வகையும் முட்டையிடும் பிட்டி என்ற திட்டு கவரத்திக்கு வடமேற்கே இருக்கிறது. மரமே இல்லாத சிறு மணல்திட்டு, பறவைச் சரணாலயம். சுற்றுலாவில் அங்கே இறக்கமாட்டார்கள், இறக்கவும் கூடாது. கவரத்திக்கு வரும்போதும் போகும்போதும் அந்தத் திசையில் கண் வைத்திருந்தால் அங்கிருந்து இரைதேடக் கிளம்பிய பறவைகளைக் கடலிலேயே பார்க்கலாம்.

தளத்தில் விழுந்த பறவை, கரையில் ஒதுங்கிய பறவை

இரவில் கப்பல் வெளிச்சத்தில் கண்கூசிச் சில பறவைகள் தளத்தில் வந்து விழும். உங்கள் அறைக்கு ஜன்னல் இருந்தால் திரையைப் போட்டுவிடுங்கள். விழுந்ததைப் பார்த்தால் கூட்டம் கூடிச் செல்பி எடுக்க விடாமல் கப்பல் ஊழியரைக் கூப்பிடுங்கள். தண்ணீர் புகட்ட வேண்டாம், மீன் ஊட்ட வேண்டாம். துண்டால் மூடித் தூக்கி, காற்றுத் துளையிட்ட அட்டைப்பெட்டியில் இருட்டில் வைத்து, தெளிந்ததும் வெளிச்சமில்லாத பக்கத்திலிருந்து விடச் சொல்லுங்கள்.

கப்பலே ஏறாதவர்களுக்கும் ஒரு சேதி. ஜூன் முதல் செப்டம்பர் வரை பெருங்காற்று அடித்த மறுநாள் நம் கரைகளில், தேங்காப்பட்டணமோ பொழியூரோ விழிஞ்ஞமோ, ஆழ்கடல் பறவை சில சமயம் ஒதுங்கிக் கிடக்கும். பார்த்தவர்கள் இரக்கப்பட்டுத் தூக்கிக் கடலில் எறிகிறார்கள். அது களைத்துத்தான் கரைக்கு வந்தது, எறிந்தால் அடுத்த அலையிலேயே செத்துப்போகும். அதே அட்டைப்பெட்டி வைத்தியம்தான் இங்கேயும். பெட்டியில் வைத்து வனத்துறைக்குச் சொல்லுங்கள். தூக்கும்போது அலகிலிருந்து கையைத் தள்ளி வையுங்கள். ஷியர்வாட்டர் அலகின் நுனி தூண்டில் முள் போல வளைந்திருக்கும். என் வலது கட்டைவிரலில் அதன் தழும்பு இன்னும் இருக்கிறது.